கனடாவில் இருக்கும் துணை வழியாக பி.ஆர்.: ஸ்பொன்சர் விண்ணப்பத்தை எந்த வரிசையில் தயார் செய்வது

இலங்கையிலோ தமிழ்நாட்டிலோ இருந்துகொண்டு, கனடியக் குடியுரிமை அல்லது நிரந்தர வதிவிடம் (பி.ஆர்.) உள்ள ஒருவரை மணந்தவர்களுக்கான வழிகாட்டி இது. விண்ணப்பம் ஒன்றுதான் என்றாலும் அதற்குள் இரண்டு பேர் இருக்கிறார்கள்: அழைப்பவர் ஸ்பொன்சர், வருபவர் முதன்மை விண்ணப்பதாரர். ஐஆர்சிசி எனப்படும் குடிவரவுத் திணைக்களம் முதலில் ஸ்பொன்சரின் தகுதியைப் பார்க்கும், பிறகுதான் உங்களைப் பார்க்கும்.

பலர் செய்யும் முதல் தவறு, கலியாணம் முடிந்த கையோடு படிவத்தைத் திறப்பது. படிவம் கடைசி வேலை. முதலில் தகுதி, அடுத்து திருமணப் பதிவு, பெயர், நேரம் எடுக்கும் ஆவணங்கள், அதன்பின் சான்றுகள், அதற்கும் பிறகே படிவம். இந்த வரிசை மாறினால், நிரப்பியதையே இரண்டு மூன்று தடவை திருத்த வேண்டி வரும். அப்படித் திருத்தும்போதுதான் திகதிகள் ஒன்றோடொன்று முரண்படத் தொடங்கும்.

1. ஸ்பொன்சருக்குத் தகுதி இருக்கிறதா

வயது 18 நிறைந்திருக்க வேண்டும். கனடியக் குடிமக்கள் வெளிநாட்டில் வாழ்ந்தபடியும் ஸ்பொன்சர் செய்யலாம், ஆனால் துணைக்கு பி.ஆர். கிடைத்ததும் கனடாவில் குடியேறப் போவதைக் காட்ட வேண்டும். பி.ஆர். மட்டும் உள்ளவர் கனடாவில் வசித்தே ஆக வேண்டும். கலியாணத்துக்கு வந்து ஐந்தாறு மாதம் ஊரில் தங்கிவிடும் பி.ஆர். ஸ்பொன்சர்கள் இதில்தான் சிக்குகிறார்கள்.

வருமானம் பற்றி ஊரில் உலவும் கதைகள் அதிகம். பெற்றோரை அழைப்பதற்குத்தான் வருமான வரம்பு உண்டு. கணவன் அல்லது மனைவியை அழைக்கப் பொதுவாகக் குறைந்தபட்ச வருமானம் கிடையாது. ஆனால் உடற்குறைபாட்டுக்கான உதவியைத் தவிர வேறு சமூக உதவிப் பணம் பெறுபவர் ஸ்பொன்சர் செய்ய முடியாது. வங்குரோத்து அறிவித்து அதிலிருந்து இன்னும் விடுபடாதவருக்கும் முடியாது.

இரண்டு காலக்கணக்குகளைக் கட்டாயம் பாருங்கள். ஸ்பொன்சரே முன்னர் ஒருவரின் துணையாகக் கனடாவுக்கு வந்தவர் என்றால், பி.ஆர். ஆன நாளில் இருந்து 5 ஆண்டுகள் முடியும்வரை புதிய துணையை அழைக்க முடியாது. அவர் ஏற்கெனவே வேறு துணையை அழைத்திருந்தால், அந்தத் துணையின் செலவைத் தானே பார்ப்பதாகக் கொடுத்த பொறுப்பேற்பின் 3 ஆண்டுகள் முடிந்திருக்க வேண்டும். விவாகரத்து ஆனாலும் அந்த மூன்றாண்டுக் கடமை நீங்காது.

இனி, யாரும் கேட்காத ஒன்று. ஸ்பொன்சரின் பழைய கோப்பு. அவர் அகதிக் கோரிக்கையிலோ தன் பி.ஆர். விண்ணப்பத்திலோ திருமண நிலை, பிள்ளைகள் பற்றி என்ன எழுதினார் என்பது அதிகாரியின் திரையில் இருக்கும். அவர் பி.ஆர். ஆவதற்கு முன்பே உங்களுக்குத் திருமணமாகி, அங்கே "திருமணமாகாதவர்" என்று எழுதியிருந்தால், குடும்பத்தினரை அழைக்கும் பிரிவான குடும்ப வகுப்பில் இருந்தே நீங்கள் விலக்கப்படலாம். அப்படி ஒரு சிக்கல் இருந்தால் விண்ணப்பத்துக்கு முன்பே குடிவரவுச் சட்டத்தரணியிடம் போங்கள். அனுப்பிய பிறகு போனால் அவர் செய்யக்கூடியது குறைவு.

2. திருமணம் கனடாவின் கண்ணில் செல்லுமா

நடந்த நாட்டின் சட்டப்படியும் கனடியச் சட்டப்படியும் திருமணம் செல்ல வேண்டும். சடங்கு நடந்தபோது இருவரும் ஒரே இடத்தில் நேரில் இருந்திருக்க வேண்டும் என்பது 2015 ஜூன் 11 முதல் விதி. தொலைபேசியிலோ இணையத்திலோ பிரதிநிதி மூலமோ நடந்த திருமணத்தை ஐஆர்சிசி ஏற்காது. ஊரில் அது பதிவானாலும் பயனில்லை.

அகதியாக ஏற்கப்பட்டு, பி.ஆர். நிலையிலேயே இருக்கும் ஸ்பொன்சர் கலியாணத்துக்காக இலங்கைக்குப் போவது ஆபத்து. தான் அஞ்சி வெளியேறிய நாட்டின் கடவுச்சீட்டை எடுத்து அங்கே திரும்பிப் போனால், அகதிப் பாதுகாப்பை நீக்கும் நடவடிக்கையும் கூடவே பி.ஆர். இழப்பும் வரலாம். பலர் தமிழ்நாட்டில் கலியாணத்தை வைப்பதற்கு இதுவும் ஒரு காரணம். குடியுரிமை எடுத்தவருக்கு இந்த ஆபத்து இல்லை.

தமிழ்நாட்டில் நடத்துவதானால் பதிவுக்கான நாட்களைப் பயணத்திட்டத்திலேயே சேருங்கள். தமிழ்நாடு திருமணப் பதிவுச் சட்டம் 2009-இன்படி 90 நாட்களுக்குள் பதிய வேண்டும். சிறப்புத் திருமணச் சட்டத்தின் கீழ் என்றால் 30 நாள் முன்னறிவிப்பு உண்டு. இரண்டு வார விடுமுறையில் வருகிறவருக்கு அது பொருந்தாது. கோயிலில் கொடுக்கும் சீட்டு, பதிவுச் சான்றிதழ் ஆகாது.

யாழ்ப்பாணப் பக்கம் "எழுத்து" எனப்படும் சட்டப் பதிவு ஒரு நாளிலும் தாலிகட்டு பல மாதம் கழித்தும் நடப்பது வழமை. படிவத்தில் திருமணத் திகதி என்று கேட்கும் இடத்தில் சான்றிதழில் உள்ள திருமணத் திகதியையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். தாலிகட்டு நடந்த நாளை, உறவு பற்றிய படிவத்தில் தனியாக விளக்குங்கள். இந்தியச் சான்றிதழில் சடங்கு நடந்த நாளும் பதிந்த நாளும் இரண்டும் இருக்கும். அங்கே திருமணத் திகதி சடங்கு நடந்த நாள்தான். ஒரு படிவத்தில் ஒன்று, மறு படிவத்தில் மற்றொன்று என்று எழுதிவிட்டால் விளக்கக் கடிதம் கேட்டு மாதங்கள் போகும்.

முன்னைய திருமணம் யாருக்காவது இருந்தால், அது முடிந்த நாள் இந்தத் திருமணத்துக்கு முந்தியதா என்று பாருங்கள். கனடாவில் நீதிமன்றம் விவாகரத்துத் தீர்ப்புக் கொடுத்தாலும் அது நடைமுறைக்கு வருவது 31ஆம் நாள். இலங்கையில் முதல் கட்டத் தீர்ப்பு மூன்று மாதம் கழித்தே இறுதியாகும். அந்த இடைவெளிக்குள் செய்த திருமணம் செல்லாது. விண்ணப்பத்தில் இணைக்க வேண்டியது இறுதித் தீர்ப்பு அல்லது விவாகரத்துச் சான்றிதழ், முதல் தீர்ப்பு அல்ல.

3. பெயர், திகதிக்கு ஒரு தாள்

வேறு நாட்டவருக்கு இது பெரிய வேலை இல்லை. முதலெழுத்துப் போடும் நமக்கு இது தலைவலி. பிறப்புச் சான்றிதழில் தனிப் பெயர், பாடசாலைச் சான்றிதழில் முதலெழுத்தோடு பெயர், கடவுச்சீட்டில் தந்தை பெயர் குடும்பப் பெயராக, திருமணச் சான்றிதழில் எழுத்தர் கேட்டு எழுதிய வேறு எழுத்துக்கூட்டல்.

ஒரு தாளில் ஒவ்வொரு ஆவணத்திலும் உங்கள் பெயர், பிறந்த திகதி, பெற்றோர் பெயர் எப்படி இருக்கின்றன என்று எழுத்துக்கு எழுத்து எழுதி ஒப்பிடுங்கள். படிவத்தில் எழுத வேண்டியது கடவுச்சீட்டில் உள்ளபடி. வேறுபடும் மற்ற எல்லாப் பெயர்களையும் "பயன்படுத்திய வேறு பெயர்கள்" என்ற பகுதியில் எழுதுங்கள். வேறுபாடு பெரிதாக இருந்தால், இரண்டு பெயரும் ஒருவருக்குரியவையே என்று சத்தியக் கடதாசி (பிரமாணப் பத்திரம்) ஒன்று முடித்து வையுங்கள்.

கடவுச்சீட்டில் குடும்பப் பெயர் இடம் வெறுமையாக இருந்தால், உங்கள் பெயர் முழுவதையும் குடும்பப் பெயர்ப் பெட்டியில் எழுதி மற்றப் பெட்டியை வெறுமையாக விடச் சொல்கிறது ஐஆர்சிசி. தந்தை பெயரை நீங்களாகச் சேர்க்காதீர்கள். அப்படிச் சேர்த்த பெயர் வதிவிட அட்டைவரை தொடர்ந்து வரும்.

கலியாணத்துக்குப் பிறகு கணவர் பெயரைக் கடவுச்சீட்டில் மாற்ற நினைப்பவர்கள், விண்ணப்பத்துக்கு முன்பே மாற்றுங்கள், இல்லாவிட்டால் பி.ஆர். கிடைக்கும்வரை பொறுங்கள். நடுவில் மாற்றினால் பொலிஸ் சான்றிதழ் ஒரு பெயரிலும் மருத்துவ அறிக்கை இன்னொரு பெயரிலும் நிற்கும்.

4. வெளியில் இருந்தா, உள்ளே இருந்தா

குடும்ப வகுப்பு ஒன்று, கனடாவுக்குள் இருக்கும் துணைக்கான வகுப்பு மற்றொன்று. ஊரில் இருப்பவருக்குத் தேர்வே இல்லை, குடும்ப வகுப்புத்தான். பார்வையாளராகவோ மாணவராகவோ கனடாவுக்குள் இருப்பவர் யோசிக்க வேண்டும்.

உள்நாட்டு வகுப்பில் ஸ்பொன்சரோடு ஒரே வீட்டில் வாழ வேண்டும். மறுத்தால் குடிவரவு மேன்முறையீட்டுப் பிரிவுக்குப் போகும் உரிமை இல்லை. நடுவில் நாட்டை விட்டுப் போய், திரும்ப நுழைய விடாவிட்டால் விண்ணப்பம் சிக்கலாகும். குடும்ப வகுப்பில் மறுத்தால் ஸ்பொன்சர் 30 நாட்களுக்குள் மேன்முறையீடு செய்யலாம். அம்மா அப்பாவைப் பார்க்க ஊருக்குப் போய்வர வேண்டியிருக்கும் என்றால், கனடாவில் இருந்தாலும் குடும்ப வகுப்பே பாதுகாப்பு.

காத்திருக்கும் காலத்தில் பார்வையாளர் விசா கேட்பது குற்றம் அல்ல. நிரந்தரமாக வர எண்ணம் இருப்பதும், தற்காலிகமாக வந்து காலம் முடிந்தால் திரும்புவதும் இரண்டும் ஒருவருக்கு இருக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. ஆனால் அந்த விசாப் படிவத்தில் திருமணத்தை மறைத்தால் இரண்டு கோப்பும் கெடும்.

கியூபெக்கில் வாழும் ஸ்பொன்சர் கூட்டாட்சி விண்ணப்பத்தோடு மாகாண அமைச்சின் தனிப் பொறுப்பேற்பையும் முடிக்க வேண்டும். ஒன்ராறியோ உறவினர் சொன்ன கணக்கை அங்கே போடாதீர்கள்.

5. நேரம் எடுக்கும் ஆவணங்களை இப்போதே தொடங்குங்கள்

பொலிஸ் சான்றிதழ்தான் முதலாவது. 18 வயதுக்குப் பின் தொடர்ந்து ஆறு மாதமோ அதற்கு மேலோ வாழ்ந்த நாடுகளைப் பட்டியலிடுங்கள். டுபாய், கத்தார், சவூதி, மலேசியா என்று வேலை பார்த்தவர்களுக்கு இதுவே மாதக்கணக்கில் இழுக்கும். எந்த நாட்டின் சான்றிதழை முதலிலேயே இணைக்க வேண்டும் என்பது ஐஎம்எம் 5533 என்ற சரிபார்ப்புப் பட்டியலில் இருக்கும். மற்றவற்றைக் கேட்கும்போது கொடுக்கத் தயாராக வையுங்கள்.

இப்போது வாழும் நாட்டின் சான்றிதழ், விண்ணப்பிக்கும் நாளுக்கு முந்திய 6 மாதத்துக்குள் எடுத்ததாக இருக்க வேண்டும். ஆகவே அதை மிக முன்னதாக எடுத்தாலும் வீண். விட்டு வந்த நாட்டின் சான்றிதழ், கடைசியாக அங்கிருந்து புறப்பட்ட பிறகு எடுத்ததாக இருக்க வேண்டும். இந்தியாவில் இதைக் கடவுச்சீட்டுச் சேவைத் தளம் வழியாக எடுங்கள். காவல் நிலையத்தில் எழுதி வாங்கும் நன்னடத்தைக் கடிதம் எடுபடாது.

கடவுச்சீட்டின் காலத்தையும் பாருங்கள். விசா கடவுச்சீட்டின் காலத்தைத் தாண்டி வராது. ஓர் ஆண்டுக்குள் முடியப் போகிறது என்றால் இப்போதே புதுப்பியுங்கள்.

தமிழிலும் சிங்களத்திலும் உள்ள எல்லாத் தாளுக்கும் ஆங்கில அல்லது பிரெஞ்சு மொழிபெயர்ப்பு வேண்டும். கனடாவில் சான்றிதழ் பெற்ற மொழிபெயர்ப்பாளர் செய்தால் அவர் முத்திரை போதும். வேறு யார் செய்தாலும் மொழிபெயர்ப்பாளர் சத்தியம் செய்த கடதாசி சேர வேண்டும். உங்கள் குடும்பத்திலோ ஸ்பொன்சரின் குடும்பத்திலோ உள்ளவர் தகுதி பெற்றவரானாலும் அவர் செய்ததை ஏற்கமாட்டார்கள். மூலத்தின் பிரதி, மொழிபெயர்ப்பு, சத்தியக் கடதாசி மூன்றையும் ஒரே கோப்பாக்குங்கள். மொழிபெயர்ப்பாளரிடம் கடவுச்சீட்டுப் பிரதியையும் கொடுத்தால் பெயரில் புதிய எழுத்துக்கூட்டல் பிறக்காது.

6. உறவுக்கான சான்று

மறுப்புகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் முளைக்கின்றன. அதிகாரி இரண்டு கேள்விகளைத் தனித்தனியாகக் கேட்கிறார்: உறவு உண்மையானதா, திருமணத்தின் முதன்மை நோக்கம் குடிவரவா. ஒன்றில் தவறினாலும் மறுக்கலாம். இப்போது நன்றாக வாழ்கிறோம் என்பது இரண்டாவது கேள்விக்குப் பதில் ஆகாது. ஆகவே, திருமணத்துக்கு முன் நடந்ததையும் காட்ட வேண்டும்.

பேசிச் செய்த கலியாணம் என்றால் அதை மறைத்துக் காதல் கலியாணம் போல எழுதாதீர்கள். பேசிச் செய்வது நம் வழமை என்பது கொழும்பிலும் சென்னையிலும் கோப்புப் பார்த்த அதிகாரிக்குத் தெரியும். அவர் தேடுவது அந்த வழமை ஒழுங்காக நடந்ததா என்பதைத்தான். யார் பேசினார், சாதகம் எப்போது பார்த்தார்கள், இருவரும் முதலில் எப்போது கதைத்தீர்கள், யார் என்ன கேட்டார்கள், எப்போது சம்மதம், நிச்சயதார்த்தம் எங்கே என்று நாள் வரிசையில் எழுதுங்கள்.

வழமையில் இருந்து விலகிய ஒவ்வொன்றுக்கும் காரணம் எழுதுங்கள். பெற்றோர் வரவில்லையா, பெண்ணுக்கு வயது கூடவா, ஒருவருக்கு இரண்டாம் கலியாணமா, சமயம் வேறா, நிச்சயித்த பத்தாம் நாளே தாலிகட்டா? இவை குற்றங்கள் அல்ல. நீங்கள் எழுதாமல் விட்டால் காரணத்தை அதிகாரியே ஊகிப்பார், அந்த ஊகம் உங்களுக்குச் சாதகமாக இராது.

படங்கள் 20-க்கு மேல் வேண்டாம் என்று சரிபார்ப்புப் பட்டியலே சொல்கிறது. இருபதும் தாலிகட்டுப் படமாக இருப்பது வழக்கமான பிழை. கலியாணத்துக்கு ஆறேழு போதும். மிச்சம் நிச்சயதார்த்தம், பிறகு சென்ற பயணங்கள், இரு வீட்டாரோடும் சாதாரண உடையில் இருந்தவை. ஒவ்வொன்றின் கீழும் திகதி, இடம், யார் யார் என்று எழுதுங்கள்.

தொடர்பாடல் சான்று 10 பக்கத்துக்குள். ஒரே வாரத்து வாட்ஸ்அப் உரையாடலைப் பத்துப் பக்கம் போடாதீர்கள். முதல் மாதத்தில் ஒன்று, கலியாணத்துக்கு முன் ஒன்று, அவர் திரும்பிப் போன பின் பல என்று காலம் முழுவதும் பரவ வேண்டும். தமிழ் உரையாடலுக்கும் மொழிபெயர்ப்பு வேண்டும் என்பதால் அழைப்புப் பட்டியல்களையும் கலந்து கொள்ளுங்கள்.

இவற்றைவிடப் பலமானவை மற்றவர் எழுதிய தாள்கள்: விமானச் சீட்டும் கடவுச்சீட்டு முத்திரையும், பணம் அனுப்பிய பற்றுச்சீட்டு, காப்புறுதியிலும் வேலைத்தலத்திலும் துணை என்று பெயர் பதிந்தது, கனடிய வரித் திணைக்களத்தில் திருமண நிலையை மாற்றியது. கடைசியாகச் சொன்னதைப் பலர் மறக்கிறார்கள். வரிப் பத்திரத்தில் தனியாள், குடிவரவுப் படிவத்தில் திருமணமானவர் என்றால் எதை நம்புவது?

7. படிவங்கள்

ஐஎம்எம் 1344 ஸ்பொன்சருடையது, இருவரும் ஒப்பமிட வேண்டும். ஐஎம்எம் 5532 உறவு பற்றியது. ஐஎம்எம் 0008, 5669, 5406 முதன்மை விண்ணப்பதாரருக்கு உரியவை. எதைத் திரையில் நிரப்புவது, எதைக் கோப்பாக ஏற்றுவது என்பதை நிரந்தர வதிவிடத் தளமே காட்டும். பிடிஎஃப் படிவங்களைக் கணினியில் இறக்கி அடோபி ரீடரில் திறங்கள். உலாவியிலோ கைபேசியிலோ திறந்தால் "காத்திருக்கவும்" என்ற செய்தி மட்டும் நிற்கும். படிவம் பழுதில்லை.

1344-இல் ஒரு கேள்வி: ஸ்பொன்சருக்குத் தகுதி இல்லை என்று தெரிந்தால் விண்ணப்பத்தை மீளப் பெறுவதா, தொடர்வதா? மீளப் பெற்றால் ஸ்பொன்சர் கட்டணம் தவிர மற்றப் பணம் திரும்பும், ஆனால் மேன்முறையீடு இல்லை. தொடர்ந்தால் பரிசீலனைக் கட்டணம் போகும், மேன்முறையீட்டு உரிமை மிஞ்சும். வாசிக்காமல் குறியிடும் கேள்விகளில் இதுவே முதலிடம்.

5669-இல் கடந்த 10 ஆண்டு வாழ்க்கையை மாத வாரியாக இடைவெளி இல்லாமல் எழுத வேண்டும். வேலை இல்லாத மாதங்களுக்கு "வேலையில்லை" என்றே எழுதுங்கள். கலியாண ஏற்பாடு, பரீட்சைக்குப் படித்தது எதுவானாலும் ஒரு வரி வேண்டும். முகவரிப் பட்டியலும் இதே மாதங்களோடு ஒட்ட வேண்டும். 2019-இல் கத்தாரில் வேலை, முகவரி மட்டும் வவுனியா என்றால் அது பிழை.

முன்னர் எந்த நாடாவது விசா மறுத்ததா, அகதிக் கோரிக்கை மறுக்கப்பட்டதா, எந்த அமைப்பில் இருந்தீர்கள், படை அல்லது பொலிஸ் சேவை உண்டா என்ற கேள்விகளுக்கு உண்மையை மட்டும் எழுதுங்கள். பத்து வருடம் முன் பிரித்தானிய மாணவர் விசா மறுக்கப்பட்டதும் இதில் சேரும். மறுப்பு இருந்ததற்காக யாரும் உங்களை ஒதுக்கப் போவதில்லை. மறைத்தால் பொய்த்தகவல் குற்றத்துக்கு 5 ஆண்டுத் தடை. அமைப்புப் பற்றிய கேள்வியில் எழுத ஏதேனும் இருப்பவர், அனுப்புமுன் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

பிள்ளைகள் எல்லோரையும் எழுதுங்கள். கூட வராத பிள்ளை, முன்னைய துணையோடு வளரும் பிள்ளை, யாரையும் விடாதீர்கள். எழுதாமலும் மருத்துவப் பரிசோதனை செய்யாமலும் விடப்பட்ட பிள்ளையைப் பின்னர் குடும்ப வகுப்பில் பொதுவாக அழைக்க முடியாது.

8. கட்டணமும் அனுப்புதலும்

2024 ஏப்ரல் 30-இல் வந்த விகிதப்படி ஸ்பொன்சர் கட்டணம் 85, பரிசீலனை 545, நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணம் 575, மொத்தம் 1,205 கனடிய டொலராக இருந்தது. கைரேகைக்கும் படத்துக்கும் மேலும் 85. நிரந்தர வதிவிடக் கட்டணங்கள் இரண்டாண்டுக்கு ஒருமுறை உயர்வதால் கட்டும் நாளில் தளத்தைப் பாருங்கள். நிரந்தர வதிவிட உரிமைக் கட்டணத்தைப் பிறகு கட்டலாம் என்றாலும் முதலிலேயே கட்டினால் இறுதியில் ஒரு கடிதப் போக்குவரத்து மிச்சம். மறுத்தால் அந்தப் பணம் திரும்பும்.

மின் ஒப்பத்தில் கடவுச்சீட்டில் உள்ளபடி பெயரைத் தட்டச்சுச் செய்யுங்கள். வேறொருவர் உங்களுக்காக அனுப்புவதானால் பிரதிநிதிப் படிவம் வேண்டும். பணம் வாங்கிக்கொண்டு செய்பவர் உரிமம் பெற்ற ஆலோசகராகவோ சட்டத்தரணியாகவோ இருக்க வேண்டும். ஊர் முகவர் பத்துப் பேருக்கு ஒரே காதல் கதையை எழுதிக் கொடுப்பார். அந்தப் பத்தும் ஒரே அலுவலகத்தில் வாசிக்கப்படும்.

அனுப்புமுன் எல்லாவற்றையும் கணினியில் ஒரு பிரதி எடுத்து வையுங்கள். நேர்காணல் வந்தால் நீங்கள் எழுதியதைத்தான் கேட்பார்கள்.

9. அனுப்பிய பிறகு

கிடைத்ததாக ஒரு கடிதம் வரும். கைரேகைக் கடிதம் வந்தால் 30 நாட்களுக்குள் விசா விண்ணப்ப நிலையத்துக்குப் போங்கள். முன்னர் பார்வையாளர் விசாவுக்குக் கொடுத்திருந்தாலும் பி.ஆர். விண்ணப்பத்துக்குத் திரும்பக் கொடுக்க வேண்டும்.

மருத்துவப் பரிசோதனையை நீங்களாக முந்திச் செய்யாதீர்கள். அறிவுறுத்தல் வந்த பிறகு, ஐஆர்சிசி பட்டியலில் உள்ள மருத்துவரிடம் மட்டும். முடிவு 12 மாதம் செல்லும், விசாவின் காலம் பெரும்பாலும் அதோடு முடியும். நீரிழிவு, சிறுநீரக நோய் என்று பயந்து மறைப்பவர்கள் உண்டு. மருத்துவச் செலவு அதிகம் என்ற காரணத்தால் மறுக்கும் விதி கணவன் மனைவிக்குப் பொருந்தாது.

சந்தேகத்தைச் சொல்லி விளக்கம் கேட்கும் கடிதம் வந்தால் அது மறுப்பு அல்ல. பதில் சொல்லக் கிடைக்கும் சந்தர்ப்பம் அது. கடிதம் எழுப்பிய ஒவ்வொரு சந்தேகத்துக்கும் தனித்தனியாகப் பதிலும் சான்றும் குறித்த நாளுக்குள் அனுப்புங்கள். பழைய படங்களையே திருப்பி அனுப்புவதில் பயனில்லை.

காத்திருக்கும்போது கர்ப்பம், பிள்ளை பிறப்பு, முகவரி மாற்றம், புதிய கடவுச்சீட்டு எதுவானாலும் இணையப் படிவம் வழியாக உடனே அறிவியுங்கள். கனடாவில் பிறந்த அல்லது அங்கே குடியுரிமை எடுத்த ஸ்பொன்சரின் பிள்ளை பொதுவாகப் பிறப்பிலேயே கனடியர். அதற்கு ஸ்பொன்சர் தேவையில்லை, குடியுரிமைச் சான்றுக்கு விண்ணப்பிக்க வேண்டும். ஸ்பொன்சர் பி.ஆர். மட்டும் என்றால் பிள்ளையை இந்த விண்ணப்பத்திலேயே சேர்க்க வேண்டும்.

10. விசா வந்ததும்

வதிவிட உறுதிப் பத்திரத்தில் பெயர், பிறந்த திகதி, நாடு மூன்றையும் அன்றைக்கே சரிபாருங்கள். பிழை இருந்தால் பயணத்துக்கு முன் திருத்தக் கேளுங்கள். பத்திரத்தில் உள்ள கடைசி நாளைத் தாண்டி நுழைய முடியாது. பொதுவாக நீடிப்பும் இல்லை.

கொண்டுவரும் பொருட்களுக்கு ஒரு பட்டியல், பின்னர் வரப்போகும் பொருட்களுக்கு இன்னொன்று எழுதுங்கள். கலியாண நகைகளுக்குப் படமும் பெறுமதியும் சேருங்கள். இறங்கும் நாளில் இரண்டாவது பட்டியலையும் எல்லை அதிகாரியிடம் பதிந்தால்தான் பிறகு வரும் நகைக்கு வரி கேட்கமாட்டார்கள்.

வதிவிட அட்டைக்கான கனடிய முகவரியை 180 நாட்களுக்குள் கொடுங்கள். முதல் அட்டைக்குக் கட்டணம் இல்லை, தவறினால் பணம் கட்டி விண்ணப்பிக்க வேண்டும். அட்டை கையில் வருமுன் ஊருக்கு ஓடாதீர்கள். அட்டை இல்லாமல் கனடா திரும்பும் விமானத்தில் ஏற்றமாட்டார்கள், ஐஆர்சிசியிடம் பயண ஆவணம் எடுத்த பிறகே திரும்பலாம்.